ஏழாவது துண்டு

1992இல் எங்கள் ஆண்டு பத்து வகுப்புக்கு இலக்கியப் பாடத்துக்கென்று ஒரு நாவல் வந்தது. இருபத்தாறு பேருக்கும் ஒரே ஒரு பிரதி. சண்டையால் பாதை அடைபட்டு யாழ்ப்பாணத்துக்கு அரிசியே ஒழுங்காக வராத காலத்தில் புத்தகமா வரும்? அருந்ததி ரீச்சர் அதை ஏழாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டையும் நூலால் தைத்து, ஆளுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்தார்.

அன்றுவரை புத்தகத்தைத் திறந்தால் எனக்கு நித்திரைதான் வரும். இது கண்ணை மூட விடவில்லை. மாறன் என்ற பெடியன் தகப்பனோடு கோபித்துக்கொண்டு மலைநாட்டுக்கு வேலை தேடிப் போகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் நான் கண்ணாலும் காணாத அந்த மலைக் குளிரில், குருநகர் வெயிலில் இருந்த எனக்குக் கை விறைத்தது. எழுதினவர் என்ன மந்திரம் படித்தாரோ!

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பின்னேரங்களில் அவர் கிழிந்த வலையைப் பொத்த, நான் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசிப்பேன். மாறனின் தாய் அவனுக்கென்று தினமும் சோறு போட்டு மூடி வைக்கிற இடம் வந்ததும் அம்மா, “உவளுக்கென்ன விசரோ?” என்றார்.

பைத்தியம் என்று சொல்கிறவர் யார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சிமியோன் அண்ணை கடலுக்குப் போய் அப்போது பதினாலு மாதம். வள்ளத்தின் பலகை மட்டும்தான் கரையொதுங்கியது. அம்மா அப்போதும் கிழமைக்கொருதரம் அவருடைய சேட்டுகளைத் தோய்த்துக் காயப்போட்டார். அண்ணையின் ஆன்மாவுக்குப் பூசை கொடுப்போம் என்று வாயெடுத்தவர்களைப் படலைக்கு வெளியே துரத்தினார். ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

ஏழாவது துண்டைப் பள்ளிக்கூடத்திலேயே வாசித்துவிட்டேன். மாறனை ஆற்று வெள்ளம் கொண்டுபோகிறது. இதை அம்மாவுக்கு எந்த வாயால் வாசிப்பேன்?

“வாசியடி யோசப்பின். பெடியன் வந்திட்டானோ?”

“மாறன் படலையைத் திறந்தான்,” என்று நானே கட்டத் தொடங்கினேன். “தாய் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்...” நன்றாகத்தான் போனது. எனக்குள்ளும் ஒரு எழுத்தாளர் இருக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

“நீ இன்னும் தாளைப் பிரட்டேல்லை,” என்றார் அம்மா. “உள்ளதை வாசி.”

உள்ளதை வாசித்தேன். வெள்ளம் வடிந்து மாறனின் உடலைக் கண்டெடுத்த பக்கத்தில் அம்மாவின் கை நின்றது. வலையை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு குழறி அழுதார். அயல் முழுக்கக் கூடிவிட்டது. ஊரே சொல்லியும் நடக்காததை அச்சடித்த நாலு தாள் செய்துவிட்டதே! அந்தத் துண்டைத் திரும்பத் தொட எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்.

“மாறன்.”

கடைசி வாங்கில் இருந்த என் வகுப்புப் பெட்டைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்களும் அந்தத் துண்டுகளை வாசித்தவர்கள்தானே. எனக்கு மானம் போனது.

“சிமியோன்.”

சிரிப்பு நின்றது.

வெளியே வந்ததும் கேட்டேன். “அம்மா, மாறன் எண்டது கதையிலை வாற பெடியனெல்லே. அவனுக்கேன் பூசை குடுத்தனீங்கள்?”

“ஓம், தெரியும். உன்ரை அண்ணையைத் தனியப் போகவிட எனக்கு மனம் வரேல்லை.”