கடைசி இரண்டு அத்தியாயங்கள்

வெள்ளிக்கிழமை மதியம் கலாதேவி டீச்சர் கூப்பிட்டபோது நான் வேலையில் இருந்தேன். தொழிற்சாலையில் கையுறைகளுக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்ப்பது என் வேலை.

"சுரேன், அந்த 'நாற்பதாம் நிரை' நாவல்ல பொன்னி கடைசியில என்ன ஆகுறா?"

"பிழைச்சுக்கிறா" என்றேன்.

"புனிதா நோட்ஸ்லயும் அப்படித்தான் இருக்கு. ஆனா சுங்காயிலேருந்து கதிரவேலு ஐயா இப்பதான் கூப்பிட்டாரு. அவ செத்துப்போறாளாம்."

ஒரு கையுறையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குறித்துக்கொள்ளவில்லை.

"செவ்வாக்கிழமை சோதனை தம்பி" என்றார் டீச்சர். "கதையே தப்புன்னா அந்தக் கேள்விக்கு மார்க்கே கிடையாதாம். பயிற்சித் தாள்ல பதினாலு பிள்ளைங்களும் அதையேதான் எழுதி வச்சிருக்கு."

எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதிச் சோதனைக்கான தமிழ் இலக்கியத்தைப் பல பள்ளிகளில் கால அட்டவணைக்குள் நடத்துவதில்லை. எடுக்க விரும்பும் மாணவர்கள் வெளியில்தான் படிக்க வேண்டும். ஈப்போவில், புந்தோங்கில் ஒரு பாலர் பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் புனிதாவும் கலாதேவி டீச்சரும் அந்த வகுப்பை நடத்தினார்கள். கவிதையும் நாடகமும் டீச்சருக்கு. நாவல் புனிதாவுக்கு. புனிதா என் மனைவி. ஏப்ரலில் டிங்கிக் காய்ச்சலில் இறந்தாள். ஐந்து நாள்.

புனிதா ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் நோட்ஸ் எழுதினாள். கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, படிப்பினை, மாதிரிக் கேள்வி. நாவல் இருநூற்றெண்பது பக்கம். நோட்ஸ் நாற்பது பக்கம். அதனால் எல்லோரும் நோட்ஸைத்தான் படித்தார்கள். சுங்காய், தைப்பிங், கெடாவில் சில பள்ளிகள் வரைக்கும் போயிருந்தது.

"நீங்க நாவலைப் படிச்சீங்கதானே டீச்சர்?" என்று கேட்டேன்.

"பதினஞ்சாவது அத்தியாயம் வரைக்கும். புனிதா நோட்ஸ் இருக்கேன்னு விட்டுட்டேன். பள்ளிக்கூட வேலை கழுத்துக்கு மேல இருந்துச்சு, சுரேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "பாவம், உடம்பு முடியாத நேரத்துல எழுதியிருக்கும். காய்ச்சல்ல குழம்பிடுச்சு. நாளைக்குப் பிள்ளைங்ககிட்ட அப்படியே சொல்லிடலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"சரி டீச்சர்" என்றேன்.

புனிதா குழம்பவில்லை. அந்தக் கடைசி இரண்டு அத்தியாயங்களுக்கு நோட்ஸ் எழுதியது நான்.

காரியம் முடிந்த மறுவாரம் பிரமிளா என்ற மாணவியிடமிருந்து செய்தி வந்தது. "சார், டீச்சர் நோட்ஸ் 18 வரைக்கும்தான் இருக்கு. மத்தது லேப்டாப்ல இருந்தா அனுப்புங்க. அவசரம் இல்ல." லேப்டாப்பைத் திறந்தேன். பதினெட்டோடு நின்றிருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் மருதன் என்ற தொழிலாளி, காய்ச்சலில் கிடக்கும் மனைவி பொன்னியைத் தோட்டத்து லாரியில் ஏற்றி ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான். அவ்வளவுதான் இருந்தது. புனிதாவின் புத்தகத்தை எடுத்துப் பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். முதல் வரியில் வார்டு. மூடிவிட்டேன்.

இல்லை என்று பதில் போட்டிருக்கலாம். போடவில்லை. அரை மணி நேரத்தில் எழுதினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்குகிறது. பொன்னி கஞ்சி கேட்கிறாள். இருவரும் தோட்டத்துக்குத் திரும்பி, மருதன் பால் வெட்டும் மர வரிசையான நாற்பதாம் நிரையில் நடக்கிறார்கள். படிப்பினை: நம்பிக்கை இழக்காதவர் துன்பத்தை வெல்வர். அவள் எழுதுவது போலவே வந்தது. அனுப்பினேன்.

வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. "டீச்சர் நமக்காகக் கடைசி வரைக்கும் எழுதியிருக்காங்க" என்று ஒருவர் போட்டார். நான் மறுக்கவில்லை. பிறகு அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

ஐந்து மணிக்குக் கதிரவேலு ஐயாவே அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். பயிற்சித் தாள்களைத் திருத்தியவர். நான் அவரைப் பார்த்ததில்லை.

"தம்பி, குறை நினைக்கக் கூடாது. பதினாலு தாளிலும் ஒரே பிழை. ஒரே வசனம். காற்புள்ளி கூட மாறேல்லை."

"டீச்சர் சொன்னாங்க ஐயா."

"போன பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறது சரியில்லைத்தான். ஆனால் அவா நாவலைக் கடைசி வரைக்கும் வாசிக்கேல்லை எண்டு விளங்குது. வாசிக்காமல் நோட்ஸ் எழுதுறது பிள்ளைகளுக்குச் செய்யிற துரோகம்."

புனிதா அந்த நாவலை மூன்று முறை படித்தவள்.

"சரிங்க ஐயா" என்றேன். ஒரே நாளில் இரண்டு பேரிடம் சரி சொல்லியிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் புத்தகத்தை எடுத்தேன். விளக்குப் போடும் நேரத்துக்குள் இரண்டு அத்தியாயங்களும் முடிந்தன. பத்தொன்பதில் பொன்னி இறக்கிறாள். இருபதில் மருதன் மறுநாள் விடிவதற்குள் உளியை எடுத்துக்கொண்டு நாற்பதாம் நிரைக்குப் போகிறான். எல்லா மரங்களிலும் பட்டை வெட்டுகிறான். பால் எடுக்கிறான். நாவல் முடிந்துவிடுகிறது.

ஓரத்தில் பென்சிலில் புனிதாவின் எழுத்து இருந்தது. அத்தியாயம் தோறும் இரண்டு வரி எழுதும் பழக்கம் அவளுக்கு. 'பரீட்சைக்கு' என்று ஒன்று. 'எனக்கு' என்று ஒன்று. நோட்ஸில் முதல் வரி மட்டும் போகும். இருபதாம் அத்தியாயத்தின் ஓரத்தில் இருந்தது:

பரீட்சைக்கு: கடமை உணர்வு.

எனக்கு: தெரியவில்லை. ஏன் போனான்?

சனிக்கிழமை காலை மண்டபத்துக்கு நான் முன்பே போய்விட்டேன். சுவரில் எழுத்து அட்டைகள். குட்டை நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு மாணவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வகுப்பு. கலாதேவி டீச்சர் செமோரிலிருந்து வரவேண்டும். இன்னும் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் பேச்சு குறைந்தது. ஷர்வின் மட்டும் குறைக்கவில்லை. அவன் யாருக்காகவும் குறைப்பவன் இல்லை.

"சார், நீங்களே சொல்லுங்க. இந்த நாவலை யாரு தேர்ந்தெடுத்தா? மொத நூறு பக்கம் எல்லாரும் குடிக்கிறாங்க. அடுத்த நூறு பக்கம் எல்லாரும் இருமுறாங்க. எங்கப்பா சுங்காய்ல செம்பனை லோரி ஓட்டுறாரு. நான் ரப்பர் மரத்தையே கிட்டப் பாத்ததில்ல லா."

"நீ புத்தகத்தையே கிட்டப் பாத்ததில்ல" என்றாள் பிரமிளா.

எல்லோரும் சிரித்தார்கள்.

"நோட்ஸ் இருக்குல்ல? ஆனா ஒன்னு சார், கடைசி மட்டும் நல்லாருக்கு. ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கிட்டு நடக்கறாங்க. அங்கதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

"அழுதுட்டான் சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேய், கண்ணு வேர்த்துச்சுடா."

கலாதேவி டீச்சர் வந்தார். பையை இறக்கிவைத்தார். நின்றபடியே ஆரம்பித்துவிட்டார்.

"பிள்ளைங்களா, ஒரு முக்கியமான விஷயம். பதறக் கூடாது. நாவல் நோட்ஸ்ல கடைசியில ஒரு தப்பு நடந்துபோச்சு. புனிதா டீச்சருக்கு அப்ப உடம்பு…"

"டீச்சர் எழுதல" என்றேன்.

கலாதேவி டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"பதினெட்டு வரைக்கும்தான் டீச்சர் எழுதினாங்க. பத்தொன்பதும் இருபதும் நான் எழுதினது. நாவலைப் படிக்காம எழுதிட்டேன். பொன்னி பிழைக்கல. செத்துடறா."

ஷர்வின் நோட்ஸைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான்.

"ஏன் சார்?" என்று கேட்டாள் பிரமிளா.

"பத்தொன்பதாவது அத்தியாயத்துல ஆஸ்பத்திரி வருது. என்னால படிக்க முடியல."

யாராவது பரவாயில்லை என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பிரமிளா தன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். முழுதும் படிக்கப்பட்ட புத்தகம். முதுகு பிளந்திருந்தது.

"நான் படிச்சேன் சார். மூனு மாசத்துக்கு முன்னாடியே. பொன்னி செத்தது எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் தாள்ல பிழைச்சுட்டாள்னு எழுதினே?" என்றார் கலாதேவி டீச்சர்.

"நோட்ஸ்ல அப்படி இருந்துச்சே டீச்சர். நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்னு நினைச்சேன். செத்த மாதிரிக் காட்டிட்டு வேற என்னமோ சொல்ல வர்றாங்கபோலன்னு நாலு தடவை திரும்பத் திரும்பப் படிச்சேன். புரியல. புனிதா டீச்சர் சொன்னா அதுதான் சரியா இருக்கும்னு மனப்பாடம் பண்ணிட்டேன்." அவள் அழுதுவிட்டாள். "பத்துப் பாடம் எடுக்கறேன் சார். இதை எடுக்காதேன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. வீட்டுலயும் சொன்னாங்க. இதுல ஏ வரலன்னா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாங்க. படிச்சும் தப்பா எழுதியிருக்கேன். உங்களால."

"ஆமா" என்றேன்.

கலாதேவி டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தைகளின் நாற்காலி. முழங்கால் உயர்ந்து நின்றது. "பதினஞ்சோட நிறுத்தினவ நான்" என்று மெதுவாகச் சொன்னார். "என்னையும் சேத்துத் திட்டு."

பிரமிளா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "திட்டி என்ன ஆகப்போவுது டீச்சர்? இன்னும் மூனு நாள் இருக்கு. படிக்கலாம்."

பிறகு இரண்டு அத்தியாயங்களையும் சத்தமாகப் படித்தோம். அவள் பத்தொன்பதைப் படித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபதை என்னிடம் நீட்டினாள். படித்தேன். ஒன்பது பக்கம். நடுவில் நிறுத்தவில்லை.

முடித்ததும் ஷர்வின் வெடித்தான். "என்ன சார் மனுசன் இவன்? பொண்டாட்டி நேத்துதான் செத்திருக்கு. இவன் காலங்காத்தால பால் வெட்டப் போறான். தோட்டத்துல வேலை வாங்கற கண்டக்டர் கூட லீவு குடுத்துட்டாருன்னு எழுதியிருக்கு. கல்லு மாதிரி இருக்கான். சார், சத்தியமா, நீங்க எழுதின முடிவே மேல்."

"அதை எழுதினா மார்க் இல்ல."

"அப்ப இதுக்கு என்ன எழுதறது? பாத்திரப் பண்பு?"

"கடமை உணர்வு" என்றார் கலாதேவி டீச்சர். "கதிரவேலு ஐயாவும் அதைத்தான் சொன்னாரு."

பிரமிளா எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை நிறுத்தினாள். "எனக்கு அது கடமை மாதிரித் தெரியல டீச்சர். வீட்டுல இருக்க பயந்துக்கிட்டுப் போறான்."

புனிதாவின் புத்தகத்தை அவளிடம் கொடுத்து, ஓரத்தில் இருந்ததைக் காட்டினேன். சத்தமாகப் படித்தாள். "எனக்கு: தெரியவில்லை. ஏன் போனான்?"

"தெரியலன்னு எழுதினா மார்க் குடுப்பாங்களா சார்?" என்றான் ஷர்வின்.

"குடுக்க மாட்டாங்க."

"அப்ப கடமை உணர்வு."

இந்த முறை சிரித்தது கொஞ்சம் பேர்தான். ஆனால் எல்லோரும் எழுதினார்கள். பன்னிரண்டு மணி வரை மாதிரிக் கேள்விகள் செய்தோம். பிரமிளா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தாள்.

போகும்முன் கலாதேவி டீச்சர் கேட்டார். "வெளியில போன நோட்ஸுக்கு என்ன பண்றது? எத்தனை பள்ளிக்கூடமோ. எத்தனை பிள்ளைங்களோ."

அங்கேயே நின்று எழுதினேன். 'நாற்பதாம் நிரை நோட்ஸில் 19, 20ஆம் அத்தியாயங்கள் தவறு. அவற்றைப் புனிதா டீச்சர் எழுதவில்லை. அவர் கணவராகிய நான் நாவலைப் படிக்காமல் எழுதினேன். பொன்னி இறந்துவிடுகிறாள். சந்தேகம் இருந்தால் அழைக்கவும்.' என் எண்ணையும் போட்டேன். டீச்சர் அதைத் தனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினார். கதிரவேலு ஐயாவுக்கு நானே அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்து, "மூன்று முறை வாசித்தவரை நான் அப்படிச் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்" என்று பதில் வந்தது. மூன்று முறை என்று அவருக்குக் கலாதேவி டீச்சர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மாலையிலிருந்தே அழைப்புகள் வர ஆரம்பித்தன. யாரோ ஓர் ஆசிரியர் நன்றாகத் திட்டினார். ஒரு தாய், மகள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றார். பெரும்பாலும் மாணவர்கள். பெயர் சொல்லாமல் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. செய்தியில் எழுதியிருந்ததை என் வாயாலும் கேட்க வேண்டும் அவர்களுக்கு.

ஞாயிறு முழுவதும் சொன்னேன். திங்கள் காலை தொழிற்சாலையில் ஓய்வு நேரத்தில் வெளியே போய் நின்றேன். மறுபடி அழைப்பு.

"சார், நான் பாகான் செராயிலேருந்து பேசறேன். ரெண்டு விதமா நோட்ஸ் வந்திருக்கு. எது உண்மை சார்? பொன்னி செத்துட்டாளா, இல்லையா?"

சின்னக் குரல். வேகமாக மூச்சு வாங்கியது.

"செத்துட்டாம்மா."

"உறுதியா சார்? நாளைக்கு சோதனை."

"உறுதியாத்தான். பத்தொன்பதாவது அத்தியாயம். விடியக்காலையில. வார்டுல."

எழுதுகிற சத்தம் கேட்டது.

"மருதன் பக்கத்துல இருந்தானா சார்?"

"இல்ல. கீழ சுடுதண்ணி பிடிக்கப் போயிருந்தான். வந்து பாத்தா கட்டிலைச் சுத்தித் திரை போட்டிருந்தாங்க."

"திரை. சரி சார். அப்புறம்?"

"அப்புறம் மறுநாள் வேலைக்குப் போறான்."

"அதுக்கு என்ன சார் எழுதறது?"

"கடமை உணர்வுன்னு எழுதும்மா" என்றேன்.

"நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குள் இன்னோர் எண் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன்.