கும்பகோணம் போய் வந்த கார்

கல்லூரிக்குக் காரில் போக வேண்டும் என்று முதலில் கேட்டவள் நான்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பழி முழுவதும் அப்பாமேல் போய்விடும்.

அரசாங்கம் விவசாயக் கூலிச் சட்டம் கொண்டுவந்ததற்கு அடுத்த வருஷம், கும்பகோணத்துப் பெண்கள் கல்லூரியில் எனக்கு பி.யூ.சி. இடம் கிடைத்தது. எங்கள் ஊர் நல்லாத்தங்குடி, குத்தாலத்துக்குத் தெற்கே இரண்டு மைல். ஊர் நிலத்தில் பாதி அப்பாவுடையது. வீட்டில் ஒரு கறுப்பு அம்பாசடர் நின்றது. ஜெகபர் அலி பாய் அதை ஓட்டினார். அப்பா கோர்ட்டுக்கும் கல்யாணங்களுக்கும் அதில் போவார். மற்ற நாட்களில் அது கொட்டகையில் துணி போர்த்திக் கிடக்கும்.

"சும்மா நிக்கிற வண்டிதானேப்பா. காலையில விட்டுட்டு சாயங்காலம் கூட்டியாந்தா போதும்" என்று கேட்டேன்.

"முதல் வருஷம் படிக்கிற பொண்ணுக்கு காரா? வாத்தியாரம்மாவே பஸ்ஸுல வருது. நாலு புள்ளைங்களோட ரயில்ல போ. அப்பதான் படிப்பு வரும்" என்றார் அப்பா.

அம்மாவிடம் அழுது பார்த்தேன். அம்மா நீலாயதாட்சி, "அனுப்புறதே பெருசு. வாய மூடிக்கிட்டுப் போ" என்று முடித்துவிட்டாள்.

அதனால் ஸ்டேஷன் வரை நடந்து, கூடப் படித்த குத்தாலம் ஆமினாவோடு பாசஞ்சர் ரயிலில் போனேன். மழை நாளில் தாவணியின் கரை முழுக்கச் சேறாகும். ஒருநாள் வகுப்பில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கும் வீட்டுக்கு வந்து காரைக் கேட்டேன். அப்பா செய்தித்தாளை மடிக்காமலே தலையாட்டி மறுத்தார்.

புரட்டாசியில் குறுவை விளைந்து தலை சாய்ந்து நின்றது. அறுவடைக்கு ஆள் இறங்கவில்லை. சட்டத்தில் சொன்ன கூலியைக் கொடுத்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று, எங்கள் வயலில் கூலி வேலை செய்யும் தெற்குத் தெருக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவரப் பார்த்தார். ஊருக்குள் நுழைய ஒரே சாலை. வாய்க்கால் மதகைத் தாண்டித்தான் வர வேண்டும். மதகடியில் சங்கக் கொடியை நட்டு, பெண்களும் ஆண்களுமாக இரவு பகல் மாறி மாறி உட்கார்ந்தார்கள். லாரி திரும்பிப் போனது. அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும் நிறுத்தி, உள்ளே ஆள் இருக்கிறதா, கம்பு கத்தி இருக்கிறதா என்று பார்த்துத்தான் விட்டார்கள்.

பத்து நாள் இப்படிப் போனது. கதிர் முற்றி மணி உதிர ஆரம்பித்தது. அப்பா வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து யாரிடமும் பேசாமல் படுப்பார். ஒரு புதன்கிழமை, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"நாளையிலேருந்து காருல போயிட்டு வா."

எனக்குச் சந்தோஷத்தில் புரையேறியது. அம்மா மட்டும், "இந்த நேரத்துலயா? வழியில அவ்வளவு பேரு உக்காந்திருக்கறப்பவா?" என்று கேட்டாள்.

"அதனாலதான் சொல்றேன். வயசுப் பொண்ணு அந்த வழியா நடந்து போக வேண்டாம்."

அது பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின பத்து நாளும் நான் அந்த வழியாகத்தான் நடந்து போயிருந்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை, அல்லது வர நான் விடவில்லை.

வியாழக்கிழமை காலை மதகடியில் காரை மறித்தார்கள். நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். அப்போது ராசம்மாள் எழுந்து வந்தாள். எங்கள் களத்தில் நெல் தூற்றுகிறவள், என் அம்மா வயது. அப்போதெல்லாம் நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். குனிந்து உள்ளே பார்த்தாள். மடியில் புத்தகத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

"அட, பாப்பா! விடுங்கடா வண்டிய. படிக்கிற புள்ளகிட்ட நமக்கென்ன சண்டை?"

"டிக்கியப் பாத்துட்டு விடுவோம் அத்தை" என்றான் ஒருவன்.

"புள்ளைக்கு மணியாவுதுல்ல? விடுன்னா விடு." பிறகு என்னைப் பார்த்து, "என்ன பாடம் பாப்பா படிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"செடி கொடியப் பத்தி."

"நெல்லப் பத்தியும் இருக்கா?"

"இருக்கு."

"அதுல சந்தேகம்னா என்னய வந்து கேளுங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வழி விட்டார்கள்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது அலி பாய் குத்தாலத்தில் ஒரு அரிசி மில்லுக்குள் காரை விட்டார். டயருக்குக் காற்று பார்க்க வேண்டும் என்றார். நான் இறங்கவில்லை. பின்னால் டிக்கி திறந்து மூடும் சத்தம் கேட்டது. மதகடியில் ராசம்மாளின் புருஷன் இராஜாங்கம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி, "போங்க, போங்க" என்றார். பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது என் முதுகுக்குப் பின்னால் மரமும் இரும்பும் மோதிக்கொள்கிற சத்தம் எழுந்தது.

"என்ன பாய் அது?"

"சாமானுங்க பாப்பா" என்றார். வழக்கமாகக் கண்ணாடியில் என்னைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அன்றைக்குப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் இதேதான். மில், டிக்கி, மதகு, அந்தச் சத்தம். நான் புத்தகத்தை விரித்து முகத்தருகே வைத்துக்கொண்டேன். அந்த மூன்று நாட்களில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இருவராக, வெறும் கையோடு, சீர்காழிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து மதகைத் தாண்டி நடந்து வந்தவர்கள். அப்பாவின் தூரத்து உறவு என்றார்கள். எங்கள் வீட்டில் அதுவரை பார்த்திராத முகங்கள். நெல் களஞ்சியத்தில் படுத்துக்கொண்டார்கள். சோறு வடித்து வடித்து அம்மாவுக்குக் கை சிவந்துவிட்டது. அவளும் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது மதகுப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. பெண்களின் குரல்தான் அதிகம். கால் மணி நேரம் இருக்கும். பிறகு அந்த விருந்தாளிகள் கொல்லை வழியாக ஓடி வந்து, வயலுக்குள் இறங்கி, வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார்கள். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அலி பாய் மூச்சிரைக்க வந்தார்.

"ஐயா, ராசம்மாளுக்கு மண்டையில பலமான அடிங்க. பேச்சு மூச்சு இல்ல. வண்டியக் குடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுறேன்."

அப்பாவின் உதடு வெளுத்திருந்தது. "பாப்பாவுக்குக் காலேஜுக்கு நேரமாச்சு. வண்டிய எடு" என்றார். "தினம் போற மாதிரி போங்க. எங்கயும் நிக்காதீங்க."

நான் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அப்பா சொன்னால் ஏறிப் பழக்கம்.

மதகடியில் யாரும் இல்லை. கொடிக்கம்பு முறிந்து வாய்க்காலில் கிடந்தது. அதைத் தாண்டி அரை மைலில், ஒரு கயிற்றுக் கட்டிலை நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கட்டிலின் பக்கத்தில் இராஜாங்கம் ஓடிக்கொண்டிருந்தார். அலி பாய் வேகத்தைக் குறைத்தார். இந்த முறை கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நிறுத்துங்க பாய்" என்றேன்.

இறங்கி, "இதுல ஏத்துங்க" என்று சொன்னேன்.

"அந்தாளு வண்டியிலயா?" என்று கட்டிலைச் சுமந்த ஒருவன் கத்தினான். "அவ்வளவும் பண்ணிட்டு இப்ப வண்டி அனுப்புறானா?"

இராஜாங்கம் என்னைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். "எந்த வண்டியா இருந்தா என்ன. ஏத்துங்கப்பா" என்றார்.

பின் சீட்டில் படுக்க வைத்து அவள் தலையை என் மடியில் வாங்கிக்கொண்டேன். நெல் தூற்றும்போது கட்டுகிற துண்டையே தலையில் சுற்றியிருந்தார்கள். அது முழுக்க நனைந்து என் தாவணியும் நனைந்தது. நான் அவளை அதற்கு முன் தொட்டதில்லை. நெற்றி சூடாக இருந்தது. குத்தாலத்தில் இங்கே முடியாது என்று கும்பகோணத்துக்குப் போகச் சொன்னார்கள். ஆடுதுறை தாண்டும்போது ஒருமுறை கண்ணைத் திறந்தாள். யார் மடி என்று தெரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. "தண்ணி" என்றாள். என்னிடம் தண்ணீர் இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் வாய்க்கால் நிறையப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தினால் நேரமாகிவிடும் என்று அலி பாய் நிறுத்தவில்லை. முன்சீட்டில் இராஜாங்கம் திரும்பி அவள் பாதத்தைப் பிடித்தபடியே வந்தார்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனபின், வேப்பமரத்தடியில் நாங்கள் மூவரும் நின்றோம். அலி பாய் திடீரென்று இராஜாங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கம்பு, அருவா எல்லாம் இந்த வண்டியிலதாங்க வந்துச்சு. மூணு நாளும் நான்தான் கொண்டாந்தேன். பாப்பா உள்ள இருந்தா யாரும் டிக்கியத் தொறக்க மாட்டாங்கன்னு ஐயா சொன்னாரு. வேலைக்குப் பயந்துக்கிட்டு ஓட்டிட்டேன்."

இராஜாங்கம் கையை உதறவில்லை. என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

ராசம்மாள் புதன்கிழமை மத்தியானம் இறந்துபோனாள்.

அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "மெரட்டத்தான் சொன்னேன். அடிக்கச் சொல்லல" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து போய்விட்டாள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

போலீஸ் வந்தது. அலி பாய் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். வேலையை விட்டு நீக்கியதால் கோபத்தில் பொய் சொல்கிறான் என்றார் அப்பா. உண்மையில், பாய் சொன்ன பிறகுதான் அப்பா அவரை நீக்கினார். இன்ஸ்பெக்டர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"மூணு நாளும் காருல நீதானம்மா இருந்தே. குத்தாலத்துல மில்லுல நிறுத்தினாங்களா? டிக்கியில ஏதாவது ஏத்தினாங்களா?"

அப்பா தூணோரம் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மிரட்டும் பார்வை பார்த்திருந்தாலாவது நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"தெரியாது சார். நான் படிச்சிக்கிட்டு இருந்தேன்."

அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுவாரம் தாசில்தார் முன்னால் அப்பா சட்டக் கூலிக்கு ஒப்புக்கொண்டார். உதிர்ந்தது போக மிச்சத்தை அறுத்தார்கள். ஒப்புக்கொள்ளவே முடியாது என்று சொன்ன அந்தக் கூலியைக் கொடுக்க அவருக்கு ஒரு காலைநேரம்கூட ஆகவில்லை.

புது டிரைவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னிடம், "நாளைக்குக் காலேஜுக்குக் கிளம்பு. வண்டி தயாரா இருக்கும்" என்றார்.

"நான் ரயில்ல போறேன்ப்பா."

"இப்ப எப்படிம்மா நடந்து போவே? அந்த ஜனம் உன்னைச் சும்மா விடுமா?"

"அந்த வண்டியில ஏற மாட்டேன்."

"அப்ப படிப்பு வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பயந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஒரு படி நான் இறங்கி வந்திருந்தால் படித்திருக்கலாம். சீட்டைக் கழுவி, புதுத் துணி தைத்துப் போட்டிருந்தார்கள். கொட்டகைக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். கால் உள்ளே வைக்க வரவில்லை. திரும்பி வந்து, "வேண்டாம்" என்று சொன்னேன். ஆமினா இரண்டு முறை வந்து பாடக் குறிப்புகளைக் கொடுத்துப் போனாள். பிறகு அவளும் வரவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் காலை, யாரிடமும் சொல்லாமல் தெற்குத் தெருப் பக்கம் போனேன். இராஜாங்கம் சம்பா வயலில் நீர் பார்த்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். நிமிர்ந்தார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில தெரியாதுன்னு சொன்னேன். டிக்கியில சத்தம் கேட்டுது. மூணு நாளும் கேட்டுது. போலீஸ்லயும் சொல்லல."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அலி பாய் சொன்னது மட்டும் பத்தாதுன்னு வக்கீலு சொல்றாரு" என்றார். "கேஸு நிக்காதாம். இன்னொரு சாட்சி வேணுமாம்." பிறகு என்னைப் பார்த்து, சாதாரணமாக, வழி கேட்பதுபோலக் கேட்டார்.

"இப்ப சொல்லுவீங்களா பாப்பா?"

நான் காலடியில் வரப்பைப் பார்த்தேன். வயலில் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் காத்திருந்தார். அப்புறம் குனிந்து மடையை அடைத்துவிட்டு அடுத்த வயலுக்கு நடந்தார்.

கார்த்திகையில் அப்பாமேல் இருந்த கேஸ் தள்ளுபடியானது. தை மாதம் என்னை ஒரத்தநாட்டில் கட்டிக்கொடுத்தார்கள்.