மூக்கைத் தொடாத பூசணிக்காய்

ஆயர் ஈத்தாம் ஊர்ச் சந்தையில் வாங்கிய பெரிய பூசணிக்காயை வலைப்பையில் போட்டு, பள்ளி மண்டபத்து உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டிருந்தார் ரமணி டீச்சர். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். டீச்சர் தூணோடு தலையை ஒட்டி நின்று, காயைத் தன் மூக்கு நுனிவரை இழுத்துப் பிடித்தார்.

“உயரத்துல இருக்கிறதால இதுகிட்ட நிலைச் சக்தி இருக்கு. இறங்க இறங்க அது இயக்கச் சக்தியா மாறும். ஏறும்போது திரும்பவும் நிலைச் சக்தி. சக்தி அழியாது, புதுசா வரவும் வராது. அதனால விட்ட உயரத்தைத் தாண்டி இது ஏறாது. என் மூக்கு தப்பிச்சிரும்.”

“தப்பிக்கலன்னா, டீச்சர்?” என்றான் அர்ஜுனன்.

“நாளைக்கு எனக்கு லீவு.”

கையை எடுத்தார். காய் எதிர்ப்பக்கம் போய், அவர் முகத்தை நோக்கித் திரும்பியது. கணக்கு தெரிந்தும் ரமணி தலையைத் தூணோடு இன்னும் அழுத்திக்கொண்டார். காய் மூக்குக்கு ஒரு விரல் முன்னால் நின்று, மறுபடி விலகிப் போனது.

அடுத்து நின்ற அர்ஜுனன், காய் திரும்பியதுமே குந்திவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு வந்த ஷெரில் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“டீச்சர், விட்ட இடம் வரைக்கும் அது வரலயே. சக்தி அழியாதுன்னா, மிச்சம் எங்க போச்சு?” என்று கேட்டாள்.

பதில் சொல்ல வாயெடுத்த ரமணி நிறுத்திக்கொண்டார். “நீங்களே கண்டுபிடிங்க.”

பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்டார்கள். உத்தரத்தில் கயிறு கிறீச்சிட்டது.

“சத்தமா போகுதுலா!”

“கயிறு உரசுது, சூடாவும் போகும்!”

“காத்தும் தடுக்குது டீச்சர்!”

கூச்சல் கேட்டுத் தலைமையாசிரியர் தயாளன் விரைந்து வந்தார். “என்ன சத்தம் இது? பக்கத்துல பாடம் நடக்குது.”

“சாரும் நிக்கட்டும் டீச்சர்!” என்றது வகுப்பு.

ரமணி உதட்டைக் கடித்துக்கொண்டார். தயாளன் பூசணிக்காயைப் பார்த்தார்; பிள்ளைகளைப் பார்த்தார்; கண்ணாடியைக் கழற்றி ஷெரிலிடம் கொடுத்தார்.

“தள்ளிறாதீங்க சார்,” என்றான் அர்ஜுனன். “தள்ளுனா நீங்க கூடுதலா சக்தி கொடுத்த மாதிரி. மூக்கு உடைஞ்சிரும். சும்மா விட்டா போதும்.”

“நீ நின்னியா?”

“நின்னேன் சார். கொஞ்சம் குந்திட்டேன்.”

தயாளன் தூணோடு தலையை ஒட்டி நின்று, காயை மூக்குவரை இழுத்து விட்டார். காய் திரும்பி வருவதற்குள் கண்களை இறுக மூடிக்கொண்டார். முகத்தில் காற்று பட்டு விலகியது.

“போயிருச்சு சார், கண்ணைத் திறங்க,” என்றாள் ஷெரில்.

அவர் திறந்தார். “டீச்சர்,” என்றார் தணிந்த குரலில், “இன்னொரு தடவை விடட்டுமா?”