ஸ்டெபான் கொடுத்த பேர்

எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஏதாவது ஒரு ஸ்டெபானோவ் மண்டையில்தான் விழும். தோல் பதனிடுகிற தெருவில் ஸ்டெபானோவ், வண்டிக்காரர் தெருவில் ஸ்டெபானோவ், சந்தையில் உப்புமீன் விற்கிறவள் ஸ்டெபானோவா. ஒருவருக்கொருவர் பங்காளியும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை. வெளியூர்க்காரன் எவனாவது வந்தால், "பெரிய வம்சம் போலிருக்கே" என்று வாயைப் பிளப்பான். வம்சமாவது மண்ணாங்கட்டியாவது. எல்லாம் எங்கள் கோயில் காவல்காரன் ஸ்டெபானின் வேலை.

வேலை என்றதும் தப்பாக நினைக்க வேண்டாம். நினைக்கிறவர்கள் நினைத்தார்கள், நரம்பில்லாத நாக்கால் பேசவும் செய்தார்கள். அவன் ஒரு பிள்ளையையும் பெற்றவன் இல்லை. அப்பன் இன்னார் என்று சொல்ல முடியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தகப்பன் பேரைத்தான் அப்பன் பேராக எழுதுவார்கள், அதுவே குடும்பப் பேரும் ஆகிவிடும். அந்த மாதிரிக் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்க ஊரில் எவன் வருவான்? தானிய வியாபாரி வருவானா, தாசில் குமாஸ்தா வருவானா? எல்லோருக்கும் கௌரவம் மூக்கு நுனியில். கடைசியில் பாதிரியார் முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "ஸ்டெபான், தொடப்பத்த வச்சுட்டு வா." அவன் கையை அங்கியில் துடைத்துக்கொண்டு வந்து நிற்பான். முப்பது வருஷம் அப்படி நின்றான்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து நூல் ஆலைக்குப் போனார்கள். வோல்காவில் படகு இழுக்கப் போனார்கள். பீட்டர்ஸ்பர்குக்குச் செங்கல் சுமக்கப் போனார்கள், சிலர் கால் விலங்கோடு சைபீரியாவுக்கும் போனார்கள். போன இடத்தில் கல்யாணம் கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் அதே பேர். யூரல் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு முழுக்க ஸ்டெபானோவ்களே இருக்கிறார்கள் என்று போன வருஷம் ஒரு குதிரை வியாபாரி சொன்னான். ஒரு தொடப்பக்காரனின் பேர் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கிளாஃபீரா, அதே கோயிலில் பூசை அப்பம் சுடுகிறவள். என் வீட்டுக்காரர் உதவிப் பாதிரியாராக இருந்து காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர். அந்த ஸ்டெபானோவ்களில் ஒருத்தன் என் பிள்ளை. எந்த ஒருத்தன் என்பதுதான் எனக்குத் தெரியாது.

அவர் போன மூன்றாம் வருஷம், வசந்தத்தில், கோயிலுக்குப் புது மணி வார்க்க ஒருவன் வந்தான். மணி வார்த்தான், போனான். மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம். குளிர்காலம் வந்தது நல்லதாகப் போயிற்று. ஆட்டுத்தோல் அங்கிக்குள் என்ன இருக்கிறது என்று எவளுக்கும் தெரியாது. பூசை அப்பம் சுடுகிறவள் ஒருத்தனோடு மட்டும் வாழ்ந்த கைம்பெண்ணாக இருக்க வேண்டும், நடத்தையில் ஒரு கறை கூடாது. தெரிந்தால் என் வேலையும் கோயில் கொடுத்த குடிசையும் போகும். அது மட்டுமா? என் கையால் சுட்ட அப்பத்தை வைத்துத் தங்கள் செத்தவர்களுக்கு வேண்டிக்கொண்ட ஊர் முழுவதும் என்னைக் காறித் துப்பும்.

பிப்ரவரி முதல் தேதி, விடியற்காலை மணி அடிக்கும் முன்பு, பெற்ற பிள்ளையைச் சிவப்புக் கரை துண்டில் சுற்றிக் கோயில் வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவந்தேன். அன்றைக்குப் பூசை, மாவு பிசைய வேண்டும். நான் இந்தப் பக்கம் திரும்பிய கொஞ்ச நேரத்தில் அக்குலினா அந்தப் பக்கம் வந்திருக்கிறாள். அவள் சலவைக்காரி, பட்டாளத்தான் பெண்டாட்டி. புருஷன் பட்டாளத்துக்குப் போய் எட்டு வருஷம். பெஞ்சில் ஏற்கெனவே ஒன்று கிடந்ததாம். கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுத் தன்னதை வைத்தாளாம். பல வருஷம் கழித்து ஒருநாள் அவளே வாய்விட்டுச் சொன்னாள், சிரித்துக்கொண்டே.

ஸ்டெபான் இரண்டையும் தூக்கிக்கொண்டுபோய்த் தன் குடிசை அடுப்பு மேல் கிடத்தினான். துணியெல்லாம் பனியில் விறைத்துப்போயிருந்ததாம். உரித்துப் போட்டுவிட்டு வாத்துக் கொழுப்பைத் தேய்த்தான். பாதிரியார் வந்து பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அந்த நாளுக்குரிய புனிதரின் பேரைத்தான் வைப்பார்கள், அன்றைக்குப் புனித திரிஃபோன் திருநாள்.

"ரெண்டுக்குமா சாமி ஒரே பேரு?" என்று ஸ்டெபான் கேட்டிருக்கிறான்.

"நாளு ஒண்ணுதானேடா. ஊர்ல ரெண்டு திரிஃபோன் இருந்தா ஆகாசம் இடிஞ்சு விழுந்துருமா?"

அப்படித்தான் ஒரே நாளில், ஒரே தொட்டித் தண்ணீரில், இரண்டு திரிஃபோன் ஸ்டெபானோவ்.

மூன்றாம் நாள், ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு ஸ்டெபான் குடிசைக்குப் போனேன். "அந்தச் செவப்புக் கரை துண்டுல வந்த புள்ள எது?" என்றேன், சும்மா கேட்பதுபோல. அவன் என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"தெரியலம்மா. துணி ரெண்டையும் அடுப்புல போட்டுட்டேன். எது எதுலேருந்து வந்துச்சுன்னு பாக்கல. பொழைக்குமான்னுதான் பாத்தேன்."

"நாசமாப் போறவனே" என்றேன். இரண்டு உயிரைக் காப்பாற்றினவனை அப்படித்தான் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் என் கதையை யாரிடமும் மூச்சு விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

ஒன்றை வண்டிக்காரன் வீட்டில் வளர்த்தார்கள், அது நெட்டைத் திரிஃபோன். இன்னொன்று தோல் பதனிடுகிறவன் வீட்டில், அது செம்பட்டைத் திரிஃபோன். இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்டையன் காது என் காது மாதிரி இருக்கும். ஒரு வாரம் அவன்தான் என்று இருப்பேன். அடுத்த வாரம் செம்பட்டை தலையைச் சாய்த்துச் சிரிப்பான், மணி வார்க்க வந்தவன் அப்படித்தான் சிரிப்பான். மணி வார்த்தவன் தலை செம்பட்டை இல்லையே என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். அவன் அம்மாவுக்கு இருந்ததோ என்னவோ, யார் கண்டது.

ஞாயிற்றுக்கிழமை உடைந்த அப்பங்களை இரண்டு பேருக்கும் சரிபாதியாகக் கொடுப்பேன். நெட்டையன் வாங்கிக்கொண்டு பேசாமல் போவான். செம்பட்டைக்கு வாய் சும்மா இருக்காது. "அத்தை, கருகினது ஏதாச்சும் இருந்தாலும் குடுங்க. நாங்களே கருகினவங்கதான்" என்பான். "போடா கழுதை" என்று விரட்டுவேன். உள்ளே போய் அழுவேன்.

இரண்டு பேரையும் ஒரே வருஷம் பட்டாளத்துக்கு எடுத்தார்கள், ஒரே படைப்பிரிவில் போட்டார்கள். துருக்கிச் சண்டை வந்தது. மார்கழிக் குளிரில் ஒரு காகிதம் வந்தது. பூசை முடிந்ததும் குமாஸ்தா கோயில் படியில் நின்று வாசித்தான்: ஸ்டெபான் மகன் திரிஃபோன் ஸ்டெபானோவ், இரண்டாவது, போரில் இறந்தான்.

"ரெண்டாவதுன்னா எவன்?" என்று வண்டிக்காரன் கேட்டான்.

"ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா பட்டாளத்துல ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுருவாங்க. எவன் ஒண்ணு, எவன் ரெண்டுன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? ஸ்டெபானு, ஒன் புள்ளைங்களுக்கு நம்பர் போடற அளவுக்கு வந்துருச்சே" என்றான் குமாஸ்தா. சிலர் சிரித்தார்கள். ஸ்டெபான் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

எங்கள் வீடு ஒவ்வொன்றிலும் இரண்டு சின்ன நோட்டு உண்டு. ஒன்றில் உயிரோடிருக்கிறவர்களின் பேர், இன்னொன்றில் செத்தவர்களின் பேர். அப்பத்தோடு நோட்டையும் பீடத்துக்குக் கொடுத்தால், ஒவ்வொரு பேருக்கும் பாதிரியார் ஒரு துணுக்கு அப்பம் எடுத்து வேண்டிக்கொள்வார். உயிரோடிருக்கிறவனைச் செத்தவர் நோட்டில் எழுதினால் அவன் வற்றிச் சாவான் என்பார்கள். செத்தவனை எழுதாமல் விட்டால் மறு உலகத்தில் அவன் யாருமற்றவனாய்ப் பசியோடு நிற்பான். ஞானஸ்நானப் பேர் மட்டும் எழுதினால் போதும். ஆகவே இருபத்திரண்டு வருஷமாக என்னுடைய உயிரோடிருக்கிறவர் நோட்டில் திரிஃபோன் என்று ஒரே ஒரு தடவைதான் எழுதியிருந்தேன். அந்த ஒரு பேர் இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது.

இப்போது எதில் எழுதுவது? இரண்டிலும் எழுதினால், செத்தவர் நோட்டிலுள்ள பேர் உயிரோடிருக்கிறவனைப் பிடித்துக்கொண்டால்? ஐந்து மாதம் எந்த நோட்டையும் பீடத்துக்குக் கொடுக்கவில்லை. ஊர் பூராவுக்கும் அப்பம் சுட்டுக்கொண்டு, என் பிள்ளைக்கு ஒரு துணுக்கு வைக்க முடியாமல் கிடந்தேன். கடைசியில் ஒரு முடிவு கட்டினேன். எவன் திரும்பி வருகிறானோ அவன்தான் என் பிள்ளை. கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. வேலை போனால் போகட்டும், காறித் துப்பினால் துப்பட்டும். மிச்சக் காலத்துக்கு எனக்கு ஒரு பிள்ளை இருப்பான்.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெட்டையன் வந்தான். பனியில் கால்விரல்கள் போய்விட்டன, கம்பு ஊன்றி நடந்தான். செம்பட்டை இல்லை. செம்பட்டை இனி வரமாட்டான். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கையில் மாவோடு வெளியே ஓடினேன்.

பத்தடி இருக்கும். அதற்குள் அக்குலினா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "எஞ்சாமி, எம் புள்ள, நாந்தாண்டா ஒன்னப் பெத்தவ. இந்தப் பெஞ்சுலதான் போட்டுட்டுப் போனேன். பாவி நான், செருப்பால அடிடா." அவள் புருஷன் பட்டாளத்திலேயே செத்துப் பல வருஷம் ஆயிற்று, சலவைக்காரிக்கு இழக்க என்ன இருக்கிறது? ஸ்டெபானைப் பார்த்துக் கத்தினாள்: "சொல்லு, ஸ்டெபானண்ணே, இவன் எம் புள்ளதானே?"

ஊரே ஸ்டெபானைப் பார்த்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் பூட்டிவைத்த வாய் அது. அவன் காத்திருந்தான், அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். அப்புறம், "ஆமா, ஒன் புள்ளதான்" என்றான்.

நெட்டையன் குழந்தைபோல அழுதான். அவ்வளவு உயரமானவன் அந்தக் குள்ளச்சியின் தோளில் முகத்தை வைத்து அழுததை யாராலும் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் ஸ்டெபானைக் கொட்டகையில் பிடித்தேன். "தெரியாதுன்னு சொன்னியே, படுபாவி. அப்புறம் எப்படி ஆமான்னே?"

"இப்பவும் தெரியாதுதான்."

"அப்ப ஏன்யா சொன்ன?"

"அவ கேட்டா, கிளாஃபீராம்மா. ஊரு முன்னாடி கேட்டா. நீ கேட்டிருந்தா ஒனக்கும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்."

அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பெந்தெகொஸ்தேவுக்கு முந்தின சனிக்கிழமை செத்தவர்களுக்கான நாள். அதற்கு முதல்நாள், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது நெட்டையன் வந்தான். சலவைச் சட்டை, கஞ்சி போட்டுத் தேய்த்தது. முகம் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

"அத்தை, ஒரு உதவி. செம்பட்டைக்கு அப்பம் வைக்கணும். எங்கம்மா நோட்டுல எழுதச் சொன்னேன், மாட்டேங்குது. எம் பேரும் திரிஃபோனா, செத்தவங்க நோட்டுல அந்தப் பேர எழுதப் பயமா இருக்காம். அழுவுது."

"அழாம என்ன செய்வா" என்றேன்.

"நீங்க ஒங்க நோட்டுல எழுதிக்குவீங்களா? அவனுக்குன்னு யாரும் இல்ல அத்தை. கடைசியில எம் பக்கத்துலதான் கெடந்தான். 'ஒனக்காவது ஒரு அம்மா கெடைக்கட்டும்டா, எனக்கு அந்தக் கருகின அப்பமே போதும்'னான். கிண்டல்தான். எப்பவும் கிண்டல்."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவன் என் பிள்ளை இல்லை என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லலாம், 'டேய், ஒன்னப் பெத்தவ நானாகவும் இருக்கலாம்டா' என்று. சொன்னால் என்ன ஆகும்? கஞ்சி போட்ட அந்தச் சட்டையோடு இவன் நடுத்தெருவில் நிற்பான், அங்கே செத்தவன் அப்படியே யாருமற்றவனாய்க் கிடப்பான். இரண்டு பிள்ளைக்கும் அம்மா வேண்டும். ஒருத்தி முந்திக்கொண்டாள்.

"அவனுக்கும் ஒரு அம்மா இருந்தாடா" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். "ஒங்களுக்குத் தெரியுமா? யாரு அத்தை? எங்க இருக்கா?"

"செத்துப் போயிட்டா."

அவன் சிலுவை போட்டுக்கொண்டான். "ஐயோ பாவம். அவனுக்குத் தெரியாமலே போச்சே. அப்ப அவ பேரையும் சேர்த்து எழுதுங்க அத்தை. ரெண்டு பேருமாவது அங்க சேர்ந்து இருக்கட்டும்."

செத்தவர் நோட்டை எடுத்தேன். இவன் உயிரோடு நிற்கும்போதே திரிஃபோன் என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு பேர் எழுதினேன். அவனுக்குப் படிக்க வராது. எழுத்துக் காயும்வரை நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல மனசு ஒங்களுக்கு" என்று சொல்லிப் போனான்.

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. பாதிரியார் ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து, மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டு போனார். என் நோட்டு வந்தது. திரிஃபோன், கிளாஃபீரா என்று இரண்டு பேரையும் சேர்த்து வாசித்தார். கூட்டம் இறைவா இரங்கும் என்றது. முன்வரிசையில் அக்குலினாவும் அவள் பிள்ளையும் தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டார்கள். நான் மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.