காக்காய்க்குப் பேர் என்ன

கொதிக்கும் அண்டாவுக்குள் ஐந்து கயிறுகள் தொங்கின. உள்முனையில் துணியில் கட்டி வேகவிட்ட ஒவ்வொருவனின் மதியச் சாப்பாடு, வெளிமுனையில் அவனவன் அடையாளம் செதுக்கிய குச்சி. காக்காயின் கால் செதுக்கிய குச்சியைப் பிடித்தபடி கெசையா கேட்டாள்:

"உன் நெசப் பேரு என்ன?"

ரொட்டி மென்றுகொண்டிருந்த நாலு வாயும் நின்றன. அந்தக் குச்சிக்குச் சொந்தக்காரனான காக்காய் தலை நிமிர்ந்தான்.

கேட்டவள் அவன் பெண்டாட்டிதான். இரண்டு வருஷத்துக்கு முன் இதே வாசலில் துடைப்பத்தைக் குறுக்கே போட்டு, கைகோத்துத் தாண்டினார்கள். அந்தக் காலத்துச் சீமையில் ரயில் பாதை வெட்டுகிறவர்களுக்கு அதற்குமேல் கல்யாணமும் கிடையாது, பட்டப்பெயருக்குமேல் பெயரும் கிடையாது. பெயர் கேட்கிறவன் ஒன்று போலீஸ்காரன், இல்லாவிட்டால் ஊரில் விட்டுவந்த பெண்டாட்டியின் அண்ணன்.

"நீ எப்ப போலீசுல சேர்ந்த?" என்றான் காக்காய்.

மூணுவிரல் சிரித்தான். அவர்கள் குடிசையில் கூடவே குடியிருந்த நாலு கூலிகளில் வாய் நீளம் அவனுக்குத்தான். "இன்னிலேர்ந்து மச்சான் கைக்கு இரும்புக் கம்பி வருதுல்ல. அதான் புள்ள பேரக் கேட்டு வச்சுக்குது."

உண்மைதான். பாறைத் துளையில் வெடிமருந்தை இடித்துக் கெட்டிக்க இதுவரை செம்புக் கம்பி இருந்தது. செம்பு வளையும், வேலை இழுக்கும், ஆனால் பொறி தட்டாது. சுரங்கம் சீக்கிரம் முடியவேண்டுமென்று மேஸ்திரி நேற்றுச் செம்பையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டான்.

"கவலப்படாத புள்ள. காக்கா பறந்துட்டா தொடப்பத்த நான் தாண்டறேன்" என்றான் மூணுவிரல்.

அது பாதிதான் விளையாட்டு. பேர் சொல்லாத ஆம்பிளையின் பேரில்தான் கம்பெனிக் குடிசை. அவன் செத்தால் அடுத்த ஞாயிற்றுக்குள் அவள் இன்னொருத்தனோடு தாண்டவேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்டவேண்டும். செத்தவன் பூட்ஸும் அப்படித்தான் கைமாறும்.

காக்காய் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசலில் அவள் காதருகே குனிந்தான். "சாயங்காலம் சொல்றேன். இவனுங்க முன்னால வேணாம்."

வெடிச்சத்தம் கெசையாவுக்குப் பழகியது. ஆனால் அன்று, வெடிக்கு முன்னால் எல்லாரும் விலக ஊதுகிற கொம்பு ஊதாமலே சத்தம் கேட்டது. அண்டாவின் நீர் நடுங்கி அடங்கியது. மதியம் நாலு பேர் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், அவரவர் கயிற்றை இழுத்துக்கொண்டார்கள். ஐந்தாவது கயிறு உள்ளேயே கிடந்தது.

மறுநாள் கம்பெனி குமாஸ்தா வந்தார்.

"செத்தவன் பேரு?"

"காக்கா."

"பறவ பேரையெல்லாம் எழுத முடியாதும்மா. ஞானஸ்நானப் பேரு?"

"சாயங்காலம் சொல்றேன்னு போனாரு."

"நீ யாரு அவனுக்கு?"

"பொண்டாட்டி."

"எந்த சர்ச்சுல?"

"தொடப்பத்தத் தாண்டினோம், ஐயா."

குமாஸ்தாவின் உதடு ஓர் ஓரமாகக் கோணிற்று. எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். "பெயர் தெரியாத கூலி. தன் கவனக்குறைவால் இறந்தான். உற்றார் எவருமில்லை."

"இரும்புக் கம்பின்னு எழுதலியா?"

"அதுக்கு இதுல எடம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மூணுவிரல் தலையை நனைத்துச் சீவிக்கொண்டு வந்தான். காலில் காக்காயின் பூட்ஸ். மற்ற மூவரும் பீர்ச் சாடியோடு பின்னால் நின்றார்கள். துடைப்பத்தை வாசலில் குறுக்கே போட்டான்.

"வா புள்ள. உனக்கும் கூரை, எங்களுக்கும் சாப்பாடு."

கெசையா குனிந்து துடைப்பத்தை எடுத்தாள். அண்டாவின் அடியில் எரிந்த தீக்குள் அதைச் சொருகினாள். அது சடசடவென்று பற்றிக்கொண்டது.

"அப்ப மூட்டையக் கட்டு!"

"கட்டறேன். அண்டா எங்க ஆத்தாளோடது, அதையும் சேத்துக் கட்டறேன். பத்து மைலுக்கு இந்த மேட்டுல பொங்கிப்போட யாரு இருக்கா, போய்த் தேடுங்க."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மூவரும் பீர்ச் சாடியைக் கீழே வைத்தார்கள்.

"நான் பொங்கணும்னா குடிசைய உங்க பேருல வாங்கி என்னை இருக்க விடுங்க. நாளையிலேர்ந்து பேரச் சொல்றவன் கயிறுதான் உள்ள போகும். பொறந்தப்ப வச்ச பேரு."

திங்கள் விடியலில் மூன்று பேர், திருட்டை ஒப்புக்கொள்கிறவர்கள்போல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். எழுதத் தெரியாத கெசையா ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை திருப்பிச் சொல்லிவிட்டுக் கயிற்றை இறக்கினாள்.

"நான் பச்சையாவே தின்னுக்கறேன்" என்று மூணுவிரல் வெளியேறினான்.

"டேய் மூணுவிரல், இன்னிலேர்ந்து நீதான் இடிக்கணும்!" வெளியே மேஸ்திரியின் குரல். எறியப்பட்ட இரும்புக் கம்பி வாசற்கல்லில் விழுந்து கணீரென்றது. கல்லில் ஒரு சின்னப் பொறி தட்டி அணைந்தது.

மூணுவிரல் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து, தன் குச்சியை அவள் கையில் வைத்தான்.

"ஜேபஸ்... ஜேபஸ் த்வெயிட். மறந்துராத."

கெசையா இரண்டு முறை சொன்னாள். அவன் போனதும் கயிற்றை அண்டாவுக்குள் இறக்கிவிட்டு, கொம்பு ஊதுகிறதா என்று காது கொடுத்து நின்றாள்.