வரேன் என்று சொன்னவள்

என் நாத்தனாருக்கு வாய் நீளம். தண்ணீருக்கு அடியிலும் பேசிக்கொள்ளும்படி மைக் வைத்த முகமூடி வந்ததும், அவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. எனக்குத்தான் காது புளித்துப்போனது.

கரையோரக் கடலில், மீன்கள் குடியேறட்டும் என்று வேண்டுமென்றே மூழ்கடித்து வைத்திருக்கும் ஒரு பழைய பயணிகள் கப்பல்தான் எங்கள் இருவருக்கும் வேலையிடம். அறுந்த வலைகள் மிதந்து வந்து அதில் மாட்டிக்கொள்ளும். அவற்றை வெட்டி எடுக்காவிட்டால் குடிவந்த மீனெல்லாம் சிக்கிச் சாகும். ஒருத்தி கயிற்றை விட்டுக்கொண்டே உள்ளே போவாள், மற்றவள் வாசலில் காத்திருப்பாள். திரும்பும்போது அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே வாசலுக்கு வர வேண்டும்.

அன்று காலை படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "சரி அண்ணி, நான் போறேன்" என்றாள்.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? வரேன்னு சொல்லு."

"குதிக்கிறதுக்கு எதுக்கு வரேன்? நீங்களும் என் பின்னாலதானே குதிக்கப் போறீங்க?"

"சொல்லுடி."

"வரேன், வரேன், வரேன். போதுமா?" என்று மல்லாக்க விழுந்தாள். படகுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்புகிறவர் வாயிலிருந்து "போறேன்" என்று கேட்டாலே எனக்கு ஆகாது, திரும்பி வராமலே போய்விடுவாரோ என்று தோன்றும். மருமகளாக வந்த நாளிலிருந்து அவளை இதற்காகத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். அதிலும் அன்று வீட்டை விட்டு இறங்கும்போது மாமியார் என் கையைப் பிடித்து, "அவ துடுக்கு. நீதாம்மா பாத்துக்கணும்" என்று வேறு சொல்லியிருந்தார்.

ஐந்து மாடி ஆழத்தில் கப்பல் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் கலங்கலாக இருந்தது. வாசல் கம்பியில் கயிற்றைக் கட்டிவிட்டு அவள் உள்ளே நுழைந்தாள். அவளுடைய விளக்கு கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. அவள் இரும்புக்குள் போய்விட்டால் பேச்சும் விட்டு விட்டுத்தான் கேட்கும்.

"அண்ணி... வலை... ஓட்டை... அந்த வழியா..." ஒரே கரகரப்பு. கடைசிச் சொல் மட்டும் பளிச்சென்று வந்து விழுந்தது. "வரேன்."

"சரி, வா" என்றேன்.

வாசலிலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். விளக்கு தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. வாயை மூடவே தெரியாதவள் பேசாமல் இருந்ததுதான் என்னை முதலில் பயமுறுத்தியது. வரேன் என்றவள் ஏன் இன்னும் வரவில்லை?

கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு பக்கமும் பயணிகளின் இருக்கைகள் வரிசையாக இருந்தன, ஆள் ஏறக் காத்திருப்பவை போல. கோடியில் ஒரு பெரிய வலை வழியை அடைத்துக்கொண்டு தொங்கியது. கயிறு அதில் சிக்கியிருந்தது. அதன் நுனியை விளக்கில் பார்த்தேன். கத்தியால் அறுத்த நுனி.

கயிற்றை அறுக்கும்படி அவளுக்கு என்ன வந்தது? அறுத்துவிட்டு இந்த இருட்டில் எங்கே போனாள்? புத்தி வேலை செய்யவில்லை. நான் பிடித்திருந்த கயிற்றையும் விட்டேன். ஒவ்வொரு இருக்கைக்கும் அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஓரிடத்தில் கையில் ரப்பர் தட்டுப்பட்டது. அவள் கால் துடுப்பு என்று நினைத்து இழுத்தேன். கையோடு வந்தது ஜன்னல் விளிம்பில் ஒட்டியிருந்த ரப்பர் பட்டை. அது வந்த வேகத்தில் வண்டல் கிளம்பி, விளக்கை முகத்துக்கு நேராகப் பிடித்தாலும் ஒன்றும் தெரியாதபடி ஆகிவிட்டது.

வாசல் எந்தப் பக்கம்? திரும்பினேன், சுவரில் முட்டினேன். மறுபடி திரும்பினேன், வலை கையில் பட்டது. காற்று அளவு காட்டும் மீட்டரைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தேன். முள் சிவப்புக்குள் போயிருந்தது. அவளைத் தேட வந்த நானும் இங்கேயே தங்கப்போகிறேன் என்று தெரிந்தது. மாமியாருக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்து அழுதேன். முகமூடிக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது.

அப்போது காதுக்குள் அவள் குரல் கேட்டது.

"அண்ணி... வரேன்."

உயிரோடுதான் இருக்கிறாள்! ஆனால் இது எந்த வரேன்? என்னிடம் வருகிறாளா, என்னை விட்டுக் கிளம்புகிறாளா? வந்தாலும் அதே சொல், போனாலும் அதே சொல். என் மொழியின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் அதற்குமுன் வந்ததில்லை.

"வரியா போறியா? சொல்லித் தொலைடி!"

கரகரப்பு. "வரேன்."

மூச்சு இழுக்கக் கனத்தது. இன்னும் ஒருமுறை இழுத்தால் வருமா என்று தெரியாமல் இழுத்தேன். வண்டலுக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. என் கணுக்காலை ஒரு கை பிடித்தது. அவள் கொண்டுவந்த சிலிண்டரின் குழாயை என் முகமூடியில் மாட்டினாள். காற்று வந்தது. மறு கையில் அவள் பிடித்திருந்த கயிற்றின் வழியாகவே வாசலுக்கு வந்தோம்.

படகில் ஏறியதும் முதல் வேலையாக அவளை ஓர் அறை விட்டேன். பிறகு கட்டிக்கொண்டேன்.

"எங்கடி போனே?"

"கயிறு வலையில சிக்கிடுச்சு, அறுத்தேன். மேல ஒரு ஓட்டை இருந்துச்சு. அந்த வழியா ஏறிடறேன், நீங்களும் மேல வந்துடுங்க, வரேன்னு சொன்னேனே. நீங்களும் 'சரி, வா'ன்னு அனுப்பி வச்சீங்களே. மேல வந்து பாத்தா உங்களைக் காணோம். உடனே வேற சிலிண்டரோட குதிச்சேன்."

"அனுப்பி வச்சேனா? வாசல்ல நின்னு உன்னைக் கூப்பிட்டேன்டி பாவி! போறேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீங்கதானே அண்ணி..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள். படகுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த முறை இறங்குவதற்கு முன் நானே சொன்னேன். "இனிமே தண்ணிக்குள்ள என்கிட்ட வந்தா வரேன். மேல போனா போறேன். புரிஞ்சுதா?"

"உங்களுக்கு ஆகாதே?"

"ஆகாதுதான். சொல்லு."

அன்று வலையை வெட்டி முடித்து வாசலுக்கு வந்தாள். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போக வேண்டும். மேலே கையைக் காட்டிவிட்டு, "அண்ணி, போறேன்" என்றாள்.

நான் கேட்காதவள் போலக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன். அவள் நகராமல் காத்திருந்தாள்.

"அண்ணி, கேட்டுச்சா? போறேன்."

"போ" என்றேன். அந்தச் சொல்லை அவளிடம் அதுவரை நான் சொன்னதே இல்லை. கயிற்றைச் சுருட்டி முடித்து மேலே வந்து அவள் முகத்தைப் பார்க்கும்வரை, ஏன் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.