முப்பது நோன்பும் பிடித்தவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தகப்பனின் பெருமையிலிருந்து கிடைத்தது. பெருநாள் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சீனிமுகம்மது என் தோளைப் பிடித்தார். மீன்பிடிப் போட்டுகளுக்கு எஞ்சின் திருத்துகிறவர். மனைவி குவைத்தில்.

"தம்பி, இந்த முறை எங்கட மகள் முப்பதும் புடிச்சிட்டா. ஒண்டும் விடல்ல. இனி பெருநாளுக்குப் பிறகு வாற ஆறு நோன்பும் புடிக்கப்போறாவாம்."

"மாஷா அல்லாஹ்" என்றேன். யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

அந்த மகளை நான் தினமும் பார்க்கிறேன். அவளை எழுதலாம் என்று அன்றே முடிவுசெய்தேன். கதையில் அவள் பெயர் மர்ஷூதா. தேடாதீர்கள், அந்தப் பெயரில் எங்கள் ஒழுங்கையில் யாரும் இல்லை.

2

முதல் தொடக்கம்: "கல்முனை பிரதான வீதியில் மாலை வெயில் சாய்ந்தபோது மர்ஷூதா தன் நிழலை—"

விட்டுவிட்டேன். வெயில் சாய்வதை எழுத எங்கள் பக்கத்தில் ஆட்கள் நிறைய.

இரண்டாவது: "அழகு என்பது சந்தை உருவாக்கிய ஒரு—"

இந்த வாக்கியத்தை நான் முடிக்காததற்கு நீங்கள் நன்றி சொல்லவேண்டும்.

மூன்றாவது: "உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்."

இது நிற்கும்.

3

முஸ்தாக் என்னோடு படித்தவன். கல்முனையில் அபாயாக் கடை, பெண்கள் போடும் நீள அங்கிக் கடை, வைத்திருக்கிறான். நான் பார்த்த இரவு வேலையை விட்டபிறகு என் பகல்கள் அங்கேதான் போகின்றன. கடையில் பொம்மைகள் நிற்கின்றன. மார்க்கத்தில் உருவம் கூடாதென்பதால் வாங்கிய அன்றே தலைகளைக் கழற்றிவிட்டான். அந்தப் பொம்மைகளின் இடுப்பு எந்த ஊர்ப் பெண்ணுக்கும் இல்லாத இடுப்பு. ஆனாலும் அபாயா அவற்றின்மேல் தொளதொளவென்று தொங்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதுகுப் பக்கம் துணியை இழுத்துக் கிளிப் மாட்டினால் முன்னால் நிற்கிறவருக்கு இடுப்புத் தெரியும்.

மர்ஷூதா ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு பில் போட வந்தவள். வயது பத்தொன்பது. பிறகு நான்கு மணி லைவுக்கும் அவளையே நிறுத்தினான். புது அபாயாவைப் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் நிற்கவேண்டும். கழுத்துக்கு மேல் படம் விழாது.

"டிசைன் தெரியணும், ஆள் தெரியப்படா" என்பான் முஸ்தாக்.

லைவில் வரும் கமெண்டுகளை அவன் உரக்க வாசிப்பான். அது அவன் பழக்கம். ஒருநாள் என்ன வாசிக்கிறோம் என்று தெரியாமலே வாசித்தான்: "அபாயா வடிவு. உள்ளுக்கு நிக்கிற பீப்பா ஆரு?"

கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக ஏறின. அவள் அசையாமல் நின்றாள். அசைந்தால் ஆள் தெரிந்துவிடும்.

"கணக்கெடுக்காத புள்ள. அதுகளுக்கு வேலையில்ல" என்றான் லைவ் முடிந்ததும். அடுத்த நாள் இரண்டு கிளிப்புகளை அவளிடம் நீட்டினான். "திரைக்குப் பின்னால பெய்த்து முதுகுல மாட்டிட்டு வா. பொம்மைக்கு மாட்டுறம்தானே."

சில மாதம் போனது. ஒரு பின்னேரம் அவள் கிளிப்புகளை மேசையில் வைத்தாள்.

"இனித் தேவல்ல காக்கா." அண்ணன் முறையில் அவனைக் காக்கா என்பாள்.

கமெண்டுகளும் மாறின. "தங்கச்சி போட்டிரிக்கிற சைஸ் இரிக்கா?" முஸ்தாக் இதை இன்னும் உரக்க வாசித்தான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "காக்கா, ஃபேன நிப்பாட்டுங்க. குளிருது."

"கல்முனையில குளிருதா? எங்களுக்கு அவியுது புள்ள."

ஆனால் நிறுத்தினான். ஃபேன் நின்றால் துணி அசையாது, படம் நன்றாக வருகிறது என்று கண்டுகொண்டான். அதன்பிறகு அவள் நிற்கும் லைவ் எல்லாவற்றிலும் ஃபேன் நிறுத்தித்தான் இருக்கும். நாங்கள் இருவரும் வியர்த்துக்கொண்டு நிற்போம். அவள் கை விரல்களைச் சட்டைக்கைக்குள் இழுத்துவைத்திருப்பாள்.

4

முஸ்தாக்கைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். பாத்திரம் நிற்கவில்லை. அவனும் இரவு முழுக்க டுபாய்க் கடைகளின் வீடியோக்களைப் பார்த்துத்தான் எதை விற்பது என்று தீர்மானிக்கிறான். அபாயா உடம்பை மறைக்கத் தைத்த உடுப்பு. அதை விற்க ஓர் உடம்பு தேவைப்பட்டது. எந்த உடம்பு என்பதைத் துணி வரும் ஊர்கள் முடிவுசெய்தன. மறைக்கிற உடுப்புக்குள்ளும் மெலிந்திருக்கவேண்டும் என்று ஒரு வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறதென்றால், அதன் திறமையை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் ஒத்துக்கொள்கிறேன். மன்னிக்கவில்லை.

இனி நோன்பு மாதம். சீனிமுகம்மதுவின் வீட்டில் அவரும் இரண்டு மகன்மாரும் மர்ஷூதாவும். சமைப்பது அவள்தான். மாலையில் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தில் பாதியைக் கடிக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், "தொழுதிட்டு வாறன் வாப்பா" என்று எழும்புகிறாள். திரும்பி வரும்போது கஞ்சிச் சட்டியைத் தம்பிமார் வழித்துவிட்டிருக்கிறார்கள். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எல்லாரையும் எழுப்பிப் பரிமாறுகிறாள். "நான் முன்னமே திண்டிட்டன்."*

*இந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. இட்டுக்கட்டினேன். ஆனால் பரிமாறுகிறவளின் பீங்கான் தட்டை யாரும் பார்ப்பதில்லை என்பது இட்டுக்கட்டியது அல்ல.

மற்ற மாதங்களில் சாப்பிடாத பெண்ணை வீடு கேள்வி கேட்கும். நோன்பு மாதத்தில் சாப்பிடாத பெண்ணை வீடு பாராட்டும். (நோன்பின்மேல் பழி போடவில்லை. ஒளிய இடம் தேடுகிறவர் கிடைப்பதில் நல்ல இடத்தைத்தான் எடுப்பார்.)

இந்தப் பகுதியை இப்படி முடித்திருந்தேன்: "மர்ஷூதா முப்பது நோன்பையும் ஒன்று விடாமல் பிடித்தாள்."

வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. ராத்தாவிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

5

றிஸ்னா ராத்தா என் கூடப்பிறந்த அக்கா, என்னைவிட நிறைய மூத்தவள். பாடசாலையில் சுகாதாரம் படிப்பிக்கிறாள். நான் எழுதுவதை அடுப்படியில் நின்றபடி வாசித்து, "நீளம்" என்று சொல்லித் திருப்பித்தருவாள். இந்த முறை சிரித்தாள்.

"டேய், இந்தப் புள்ளைக்கு எத்தின வயசெண்டு எழுதியிரிக்காய்?"

"பத்தொம்பது."

"பத்தொம்பது வயசுப் புள்ள முப்பதும் புடிச்சாவா? எந்த ஊருல? மாசத்துல ஒரு கிழமை பொம்புளைக்கு நோன்புமில்ல தொழுகையுமில்ல, தெரியுமா? கலியாணம் முடிக்காதவனுக்குக் கதை எழுத விட்டா இப்பிடித்தான்."

பேனையை எடுத்து "முப்பது" என்பதை வெட்டினேன். "இருபத்துமூன்று" என்று எழுதினேன். சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் உண்டாக்கினதில்ல ராத்தா. அவட வாப்பா செல்லினது."

"ஆர்ர வாப்பா?"

சொன்னேன்.

"அது வாப்பாமாருக்குச் செல்லுற கதை. நாங்களும் ஒங்களுக்கு முன்னால வாய் காஞ்சமாதிரி இருந்திட்டு அடுப்படிக்குள்ள தண்ணி குடிச்சம்தானே."

"அப்ப சரி. பேப்பரத் தாங்க."

தரவில்லை. அவள் சிரிப்பு நின்றிருந்தது.

"எனக்கு மாசம் வாறது நிண்டு ரெண்டு வருசம். அதால நோன்பு மாசம் ஒரு ராவும் விடாம தராவீஹ் தொழப் போனன். போன ராவெல்லாம் அவ எனக்குப் பக்கத்துல நிண்டு தொழுதா. முதல் பத்து நாளும் நிண்டா, கடைசிப் பத்து நாளும் நிண்டா. நல்ல புள்ளெண்டு நினைச்சன்."

"அதுக்கு?"

"ஆம்புளைக்கு முன்னால நோன்பு நடிக்கலாம்டா. தொழுகைப் பாயில ஒரு புள்ள நடிக்காது. எனக்கு நிண்டது வயசால. அவளுக்கு?"

ஃபேனும் கிளிப்பும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றைச் சொன்னேன்.

"தின்னாம உடம்பு உருகினா நிண்டுபோறது மாசம்தான். ஒம்பதாம் வகுப்புக்கு நானே படிப்பிக்கிறன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஊர் முதல்ல என்னத்த நினைக்கும்?"

எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கலியாணமாகாத பெண்ணுக்கு மாதம் வரவில்லை என்ற செய்தி ஒழுங்கையின் இந்த முனையில் புறப்பட்டு அந்த முனையைத் தொடுவதற்குள் வேறு செய்தியாகிவிடும். அவளைக் கலியாணம் பேசி வருகிறவர்களின் வீட்டுக்கும் போய்ச் சேரும்.

"அவட வாப்பாக்குச் செல்லவும் ஏலா. செல்லாம இரிக்கவும் ஏலா. நீ இந்தக் கதைய எங்கயும் போட்டுராத."

(போட்டிருக்கிறேன். அதனால் வீடு, கடை, தொழில், வயது எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். மேலே நீங்கள் நம்பியவற்றில் சில பொய். எவை என்று சொல்லமாட்டேன்.)

அன்று மாலை "இருபத்துமூன்று" என்பதை வெட்டி "முப்பது" என்று திரும்ப எழுதினேன். பிழை என் கதையில் இருக்கவில்லை.

6

ராத்தா அடுத்த நாளே போனாள். நடந்ததை வந்து சொன்னாள். சொன்னபடியே தருகிறேன்.

மர்ஷூதா ஆறு நோன்பில் ஒன்றோடு இருந்தாள். சீனிமுகம்மது தோணித்துறைக்குப் போயிருந்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டு ராத்தா கேட்டாள்.

"கடைசியா மாசம் எப்ப மகள் வந்த?"

"நோன்புக்கு முதல்... அதுக்கும் முதல். நினைவில்ல ராத்தா."

"பயமில்லையா?"

"ஏன் பயம்? நல்லம்தானே. ஒரு தொழுகையும் தவறல்ல. எல்லாரும் விட்ட நோன்பக் களாப் புடிக்காங்க, எனக்குக் களாவே இல்ல."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒளி இருந்ததாம். ராத்தாவால் தாங்க முடியாமல் போனது அதுதான். மணிக்கட்டைப் பிடித்தாள். மர்ஷூதா கையைச் சட்டைக்கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ராத்தா புத்திமதி சொல்லவில்லை. "நாளைக்குப் பின்னேரம் எனக்கு ஆஸ்பத்திரியில மகளிர் கிளினிக். தனியப் போகப் பஞ்சியா இரிக்கி. துணைக்கு வா."

"பின்னேரம் லைவ் இரிக்கே."

"மூண்டரைக்கு ஆட்டோவோட வந்து நிப்பன். ஹோர்ன் அடிக்கமாட்டன். வந்தா வா."

"நோன்போட வரலாமா?"

"ஏலா. ரத்தம் எடுப்பாங்க. தின்னுட்டுத்தான் வரணும்."

பாதிப் பொய். மர்ஷூதா டொக்டரிடம் மருந்தின் அளவைக் கேட்பதுபோலக் கேட்டாள்:

"எவ்வளவு தின்னணும்?"

நான் முஸ்தாக்கிடம் போனேன். காரணம் சொல்லவில்லை.

"நாளைக்கு லைவுக்குப் பொம்மைய நிப்பாட்டு."

"பொம்மைக்கு ஆர் மச்சான் லைக் போடுவா?"

"ஒருநாளைக்கு."

"அவ வந்தா அவ. வராட்டிப் பொம்மை" என்றான். இதற்குமேல் அவனிடமிருந்து எடுக்க முடியாது.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

(அ) அவள் ஆட்டோவில் ஏறுகிறாள். ராத்தா சோற்றுப் பார்சலை அவிழ்க்கிறாள். அவள் அழுதுகொண்டே சாப்பிடுகிறாள். கிழித்துவிட்டேன். ஒரு பார்சலில் சுகமாகிற வியாதி இல்லை இது. ஏறினாலும் அது முதல் நாள் மட்டும்.

(ஆ) அவள் இறந்துபோகிறாள். இதைத்தான் பத்திரிகைக்காரர்கள் விரும்புவார்கள். ஒரு பெண்ணைக் கொன்று என் கதைக்கு எடை ஏற்றமாட்டேன்.

(இ) நீங்கள்.

உங்களிடம் போன் இருக்கிறது. நான்கு மணிக்கு ஒரு லைவ் தொடங்கும். கழுத்துக்குக் கீழே ஒரு கறுப்பு அபாயா நிற்கும். சட்டைக்கை நீளம், கை தெரியாது. முதல் நிமிடத்தில் பொம்மையும் அவளும் ஒன்றுபோலவே இருப்பார்கள். அப்படித் தெரியத்தான் அவள் இவ்வளவும் செய்தாள்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அவள் நின்றால் ஃபேன் நிறுத்தியிருக்கும். அவள் ஆட்டோவில் போயிருந்தால் முஸ்தாக் ஃபேனை முழு வேகத்தில் போட்டிருப்பான், அவனுக்கு அவியும்.

வடிவு என்றோ, எந்த சைஸ் என்றோ, வேறு எதையோ நீங்கள் தட்டுவதற்கு முன் அபாயாவின் கீழ் ஓரத்தைப் பாருங்கள்.

துணி அசைகிறதா?